இரைச்சலுக்கு அடியில்

வெயிலில் நின்று என்னத்தை அளக்கிறீர்கள் சார், இப்படி வலைக்கொட்டகைக்குள் வாருங்கள். அந்த முக்காலியையும் கம்பியையும் அங்கேயே விடுங்கள், யாரும் தொடமாட்டார்கள். தொடுவதற்கு ஆள் வேண்டுமே. கைகால் சுகமாக உள்ள ஆண்பிள்ளை எல்லாம் விடியும்போதே கடலுக்குப் போயாயிற்று. நானும் கோயில் உபதேசியாரும்தான் மிச்சம். அவருக்குக் கண் தெரியாது, எனக்கு இடுப்பு.

ரேடியோ ஸ்டேஷன் ஆள்தானே? வண்டியில் எழுதியிருப்பதைப் பார்த்தேன். சிக்னல் எப்படி வருகிறது என்று ஊர் ஊராகப் பார்க்கிறீர்கள். நல்லவேளை, என்னிடம் வந்தீர்கள். வேறு யாரிடமாவது மாட்டியிருந்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார்கள். உங்கள் டிஜிட்டல் ஒலிபரப்பு என்றால் என்னவென்று இந்தக் கரையில் புரிந்தவன் நான் ஒருத்தன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. மற்றவர்களுக்கும் நான்தான் புரியவைத்தேன். அந்தப் பாடு எனக்குத்தான் தெரியும்.

என் பெயர் கஸ்பார். சொந்தமாக ஒரு வள்ளம் இருக்கிறது. முன்னே நானே ஓட்டினேன். இடுப்பு போன பிறகு மச்சினன் ஓட்டுகிறான். இன்னாசி என்று பெயர், என் பெண்டாட்டி ஜெசிந்தாளுக்குத் தம்பி. தாய் இல்லாத பிள்ளை. அவள்தான் தூக்கி வளர்த்தாள். கல்யாணம் முடிந்து என் வீட்டுக்கு வந்தபோது பாத்திரம் பண்டத்தோடு அவனையும் கூட்டிக்கொண்டுதான் வந்தாள். இன்றைக்கும் அவன் கரையேறாமல் அவள் சோற்றில் கைவைப்பதில்லை. நான் கடலுக்குப் போன காலத்தில் அப்படி இருந்தாளா என்று கேட்காதீர்கள்.

அவனைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், டிஜிட்டலுக்கும் அவனுக்கும்தான் தகராறு. எனக்கும் டிஜிட்டலுக்கும் ஒன்றுமில்லை.

நீங்கள் பாட்டும் செய்தியும் அனுப்புகிறீர்கள். எங்கள் ஆட்கள் கேட்பது அதை மட்டும் அல்ல சார். வானிலை அறிக்கை சொல்வீர்கள். கடலோரப் பகுதிகளில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை. அந்த ஓரிரு இடம் எது? நாங்கள் வலை விட்டு நிற்கிற இடமா, வேறு இடமா? அதை யார் சொல்வது? அதற்குத்தான் இவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். மின்னல் எங்கே வெட்டினாலும் இந்தப் பழைய ரேடியோ செட்டில் பொரியும். உங்களுக்குத் தெரியாததா. முள்ளை உங்கள் ஸ்டேஷனை விட்டுச் சற்றுத் தள்ளி, அக்கரையிலிருந்து ஒரு ஸ்டேஷன் மெலிசாகப் பாடுமே, அந்த இடத்தில் வைப்பார்கள். பாட்டுக்காக அல்ல. அந்தப் பாட்டின் மேல் கடுகு வெடிக்கிற மாதிரி பொரிந்தால் எங்கோ இடி கட்டுகிறது என்று அர்த்தம். செட்டைக் கையில் பிடித்து மெல்லச் சுற்றினால் ஒரு இடத்தில் பொரிப்பு அமுங்கும். அப்போது செட்டின் முனை எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் மழை. இல்லையென்றால் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். கரையிலா கடலிலா என்பதை நம் புத்திக்கு விட்டுவிடும்.

கேட்க லேசாக இருக்கிறது. எல்லாருக்கும் வராது. இன்னாசிக்கு வரும். விடிகிற நேரத்தில் இந்த மணலில் குந்தி செட்டைக் காதோடு வைத்துக்கொள்வான். ஊரே எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும். அவன் எழுந்து பின்பக்க மணலைத் தட்டிவிட்டான் என்றால் வள்ளங்கள் இறங்கும். எழுந்திருக்காவிட்டால் ஒருத்தரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார்கள். வள்ளம் என்னுடையது, எஞ்சின் என்னுடையது, வலை என்னுடையது. ஊர் மட்டும் அவன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு அதில் ஒன்றும் வருத்தம் கிடையாது.

அப்புறம்தான் இந்த ஆவணியில் உங்கள் டிஜிட்டல் வந்தது.

வந்தது என்று யாருக்குத் தெரியும்? செட் கெட்டுப்போயிற்று என்றுதான் நினைத்தோம். சில நேரம் உங்கள் ஆள் பேசுவார், பேச்சுக்கு அடியில் எண்ணெய்ச் சட்டி மாதிரி இரையும். சில நேரம் பேச்சே கிடையாது, வெறும் இரைச்சல். முள்ளைத் தள்ளினால் அங்கேயும் இரைச்சல். அக்கரைப் பாட்டு இருந்த இடம் தெரியவில்லை. பேட்டரி மாற்றிப் பார்த்தார்கள். செட்டை வெயிலில் காயவைத்துப் பார்த்தார்கள். அருளப்பன் என்று ஒருத்தன், அவன் செட்டுக்குச் சாம்பிராணியே போட்டான். இன்னாசி குந்தினான், காதை வைத்தான், எழுந்திருக்கவில்லை. மறுநாளும் எழுந்திருக்கவில்லை.

நல்ல சாளை மீன் ஓடுகிற சமயம் சார். பக்கத்துக் கரைக்காரன் எல்லாம் வள்ளம் தாழ அள்ளிக்கொண்டு வருகிறான். எங்கள் கரையில் பெண்டுகள் கூடையைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். என்னடா கேட்கிறது என்றால், ஒன்றும் கேட்கவில்லை என்கிறான். ஒன்றும் கேட்கவில்லை என்றால் போகவேண்டியதுதானே? கேட்காததால்தான் போகவில்லை என்கிறான். இது என்ன பேச்சு, நீங்களே சொல்லுங்கள்.

நான் டவுனுக்கு வைத்தியத்துக்குப் போனவன், ஒரு ஆட்டோ பிடித்து உங்கள் ஸ்டேஷன் வாசலுக்கே போய்விட்டேன். உள்ளே விட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு தம்பி, நல்ல குணம், உட்காரவைத்து டீ வாங்கித் தந்தார். ஐயா, உங்கள் செட்டிலும் கோளாறு இல்லை, காற்றிலும் கோளாறு இல்லை, அதுவும் பாட்டுத்தான், உங்கள் செட்டுக்குப் புரியாத பாஷையில் வருகிறது, அதனால் இரைச்சலாகக் கேட்கிறது என்றார். உங்கள் ஊர் ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் பக்கம், செட்டும் பழையது, அதனால் பக்கத்து முள்ளிலும் கொஞ்சம் வழியும் என்றார். தினம் எந்த நேரத்தில் டிஜிட்டலைப் போடுவார்கள், எந்த நேரத்தில் நிறுத்துவார்கள் என்றும் சொன்னார். ஒரு புது செட்டை எடுத்து முடுக்கிக் காட்டினார். அடடா. கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவு. பொட்டுச் சத்தம் வேறே இல்லை. தலைக்கு மேல் இடி இடித்தாலும் இதில் பொரியாது ஐயா என்றார். பெருமையாகச் சொன்னார். எனக்கும் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் எல்லாரையும் நிறுத்தினேன். செட்டை முடுக்கிவைத்து, இப்போது இரைச்சல் நிற்கும் பாருங்கள் என்றேன். அந்தத் தம்பி சொன்ன நேரத்துக்குச் சரியாக நின்றது. மழையா நேரம் பார்த்து நிற்கும்? எல்லாரும் வாயைப் பிளந்துவிட்டார்கள். இத்தனை நாள் டிஜிட்டலுக்குப் பயந்தா வீட்டில் கிடந்தோம் என்று ஒரே சிரிப்பு. அருளப்பன் இன்னாசியின் தோளில் கைபோட்டு, "ஏல, ஒன் காதக் கழத்தி டவுனுக்கு அனுப்பிருவமா, புதுசு மாத்தித் தருவாங்க" என்றான். அன்றிலிருந்து அவனுக்கு டிஜிட்டல் இன்னாசி என்றே பெயர் விழுந்துவிட்டது. சின்னப் பிள்ளைகூட வயிறு இரைந்தால் டிஜிட்டல் என்றது.

அவனும் சிரித்தான். அவன் கோபப்படுகிற ஆள் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு, சோற்றைப் பிசைந்துகொண்டே, "இரைச்சல் அவங்களுதுதான் அத்தான், ஒத்துக்கிடுதேன். அதுக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்குக் கேக்க மாட்டேங்கு. அதத்தான் சொல்லுதேன்" என்றான். அடியில் ஒன்றும் இல்லை, சாப்பிடு என்றேன். ஜெசிந்தாள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏதோ அவனை அடித்துவிட்ட மாதிரி.

அதிலிருந்து தினமும் வள்ளம் இறங்கியது. நல்ல மீன்பாடு. என்னைப் பார்த்தால் எழுந்து நின்று பேசினார்கள் சார். புரட்டாசியில் ஒருநாள் மட்டும் கடலில் இடியும் காற்றும் பிடித்துக்கொண்டது. வலையை அறுத்துவிட்டு வந்து சேர்ந்தார்கள். அருளப்பனுக்கு எஞ்சின் போயிற்று. ஆளுக்கு ஒன்றுமில்லை. அதற்கு இரண்டு நாள் முணுமுணுத்தார்கள். மழை என்றால் பெய்யத்தான் செய்யும். மனுஷன் என்ன உப்பா கரைவதற்கு? முன்னே இன்னாசி காது கொடுத்த காலத்தில் யாரும் நனையவே இல்லையா என்று கேட்டேன். ஆளுக்கொரு அறுந்த வலையை எடுத்துவைத்துத் தைக்க உட்கார்ந்துவிட்டார்கள். நனைந்ததாக எனக்கும் ஞாபகம் இல்லைதான். ஆனால் எல்லாம் ஞாபகத்திலா இருக்கும்?

இருங்கள், மோர் இருக்கிறது, குடியுங்கள். ஆமாம், வெக்கை அதிகம்தான். கொண்டல் காற்று காலையில் கொஞ்சம் இருந்தது, பத்து மணி வாக்கில் விழுந்துவிட்டது. அதனால்தான் இப்படிப் புழுங்குகிறது.

இன்றைக்குக் காலையிலும் அதே கூத்து. இன்னாசி திரும்பவும் செட்டைத் தூக்கிக்கொண்டு மணலில் போய்க் குந்திவிட்டான். எத்தனையோ நாளாக விட்டிருந்த பழக்கம். யாரும் அவனுக்காக நிற்கவில்லை, வள்ளங்கள் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தன. நான் கம்பை ஊன்றிக்கொண்டு அவன் பக்கத்தில் போனேன். "அத்தான், இன்னைக்கு வேற மாதிரி இருக்கு. இரையல. பொரியுது" என்றான். செட்டைச் சுற்றிக் காட்டினான். தென்கிழக்கே பிடித்தால் அமுங்குகிறதாம். நேற்றிலிருந்தே இரையவில்லை என்று வேறு சொன்னான். எனக்கு எரிச்சல். அத்தனை பேரும் போகிறார்கள், என் வள்ளம் மட்டும் கரையில் கிடக்கவா? அருளப்பன் வேறு தண்ணீருக்குள் நின்று, கஸ்பார் அண்ணே, உங்க டிஜிட்டல் எந்திரிச்சிட்டா என்று கத்துகிறான். "நேரத்தப் பாரு, அவங்க போடுத நேரந்தான் இது. எந்திரி மாப்பிள" என்றேன்.

செட்டை அணைத்தான். எழுந்தான். மணலைத் தட்டிவிட்டான். செட்டை என் கையில் தந்துவிட்டு, அக்காவிடம் கொடுங்கள் என்றான். நான் பிடித்துத் தள்ளவில்லை சார். அவனாகத்தான் எழுந்தான்.

அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். நீங்கள் ஒரு அதிகாரி, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்கு நிம்மதி. சாயங்காலம் வரைக்கும் இருந்து, தம்பி, அந்தச் சத்தம் எங்களுடையதுதான் என்று ஒரே ஒரு வார்த்தை...

என்ன சார்?

நிறுத்தி வைத்திருக்கிறார்களா? எதை?

எப்போதிலிருந்து? முந்தாநாளிலிருந்தா?

நீங்கள் அளப்பதற்காகவா. சரிதான். டிஜிட்டல் இல்லாதபோது பழைய சத்தம் எவ்வளவு தூரம் வருகிறது என்று முதலில் பார்க்கவேண்டும், அப்புறம் போட்டுவிட்டுப் பார்க்கவேண்டும். புரிகிறது. முறைப்படி அதுதானே சரி. அறிவிப்பும் செய்தீர்களா? ரேடியோவிலா. அதை இங்கே யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் சார். இந்த ஊரில் காலையில் ரேடியோ கேட்கிற பழக்கம் இப்போது இல்லை.

இல்லை, இல்லை, எனக்கு ஒன்றுமில்லை. இடுப்புதான். இப்படிச் சாய்ந்துகொள்கிறேன்.

ஒன்று கேட்கட்டுமா. டிஜிட்டலை நிறுத்தினாலும் கொஞ்சம் மிச்சம் இருக்குமோ? அடுப்பை அணைத்த பிறகும் சட்டி சுடுகிற மாதிரி? இருக்காதா. சுவிட்சைப் போட்டால் உடனே நின்றுவிடும். சரி. ஆனால் வேறு எத்தனையோ இருக்கிறதே. ஐஸ் கம்பெனி மோட்டார் ஓடினால் செட்டில் உறுமும். கரண்ட் கம்பியில் பட்டம் சிக்கிக் கிடக்கிறது, அது உரசினாலும் பொரியும். இந்த எல்லா வீட்டிலும் போட்டிருக்கிற புது பல்புகூடச் சத்தம் போடும் என்று உங்கள் ஸ்டேஷன் தம்பியே சொன்னார். ஐஸ் கம்பெனி இன்றைக்கு லீவுதான். கரண்டும் காலையிலிருந்து இல்லைதான். நான் பொதுவாகச் சொல்கிறேன்.

இருங்கள், உங்கள் முக்காலிப் பக்கம் நானும் வருகிறேன். அது என்ன, உங்கள் அளவுப் பெட்டியில் கோடு துள்ளிக்கொண்டே இருக்கிறது? காலையிலிருந்தே இப்படியா? ஒவ்வொரு துள்ளலும் ஒரு மின்னலா? கொஞ்சம் அந்தக் கம்பியைத் திருப்புங்கள். இன்னும் கொஞ்சம். இப்போது துள்ளல் குறைகிறது. கம்பி எந்தப் பக்கம் காட்டுகிறது? எனக்கு இந்த வெயிலில் திசை சட்டென்று பிடிபடவில்லை.

தென்கிழக்கா.

வடமேற்காகவும் இருக்கலாம் இல்லையா? எதிர்முனை. நான்தான் சொன்னேனே. வடமேற்கு என்றால் கரைக்கு மேலே, டவுனைத் தாண்டி எங்கோ பெய்கிறது. வயல்காரனுக்கு நல்லது. திரும்பிப் பார்க்கிறேன் சார், பார்க்கிறேன். அந்தப் பக்கம் வானம் வெளுப்பாகத்தான் கிடக்கிறது. இந்தப் பக்கம் கடலின் ஓரத்தில் மை தடவிய மாதிரி ஒன்று தெரிகிறது. வெகுநேரமாக அங்கேயேதான் இருக்கிறது. நீங்கள் வரும்போது இவ்வளவு உயரம் இல்லை. தண்ணீரைப் பாருங்கள், தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடக்கிறது. அலை இல்லை என்றால் நல்லதுதானே.

அவன் போனுக்கு இப்போதுகூடப் போட்டுப் பார்த்தேன், நீங்கள் கம்பியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது. கிடைக்காது சார், அவ்வளவு தூரத்துக்கு டவர் எடுக்காது. அருளப்பனுக்கும் கிடைக்கவில்லை. அருளப்பன் புது எஞ்சின் வாங்கியவன், எல்லாருக்கும் முன்னால் போய் நிற்பான்.

யாருக்குப் போன் போடுகிறீர்கள்? வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள். கடலோரக் காவலுக்குச் சொன்னால் அவர்கள் மீன்வளத்துறைக்குச் சொல்வார்கள், அங்கிருந்து பங்குச்சாமியாருக்கு வரும், கோயில் மணி அடித்துவிடுவார்கள். மணி அடித்தால் பெண்டுகள் எல்லாம் தலையை விரித்துக்கொண்டு கரைக்கு வந்துவிடுவார்கள். அப்புறம் யார் சொல்லிப் போனார்கள், எவன் சொல்லிப் போனார்கள் என்று பேச்சு வரும். நாலு மணிக்கு அவர்கள் மீனோடு வந்து இறங்கினால் நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது? ஏற்கெனவே ஒருதரம் ஒன்றுமில்லாததற்குப் பயந்து சிரிப்பாய்ச் சிரித்த ஊர் இது. இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம். அந்தக் கறுப்பு கலைந்துகூடப் போகலாம். நானும் கடலில் கிடந்தவன்தான், எனக்குத் தெரியாதா.

நான் சொன்னதில் தப்பு என்ன சார்? நீங்களே நியாயம் சொல்லுங்கள். நான் இட்டுக்கட்டியா சொன்னேன்? உங்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்து, உங்கள் ஆள் சொன்னதைத்தான் வந்து சொன்னேன். ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவனுக்குத்தான் வித்தியாசம் தெரிந்ததே, இரையவில்லை பொரிகிறது என்று வாயால் சொன்னானே, தெரிந்தவன் உட்கார்ந்தே இருக்கவேண்டியதுதானே? ஏன் எழுந்தான்? நான் சொன்னால் எழுந்துவிடுவதா? இத்தனை வருஷம் என் சோற்றைத் தின்றவன், நான் சொல்லி எதைக் கேட்டிருக்கிறான்? கல்யாணத்துக்குப் பெண் பார்த்தேன், வேண்டாம் என்றான். குடிக்காதே என்றேன், திருவிழா என்றால் குடிப்பான். இன்றைக்கு மட்டும் ஏன் கேட்டான்?

சத்தம் கேட்டதா உங்களுக்கு? லாரியாக இருக்கும். ரோட்டில் பாலம் வேலை நடக்கிறது.

அய்யோ, அவள் வருகிறாள். அதோ, வள்ளங்களுக்கு நடுவே. ஜெசிந்தாள். கையில் செட் இருக்கிறது, நான்தான் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்கும் கேட்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவன்தான் சொல்லிக்கொடுத்திருப்பான். அடுப்படியில் உட்கார்ந்து அக்காவும் தம்பியும் என்னத்தையோ திருகிக்கொண்டிருப்பார்கள், நான் கவனித்ததில்லை. பாருங்கள், நடக்கும்போதே செட்டை எப்படித் திருப்பித் திருப்பிப் பிடிக்கிறாள்.

சார், ஒரு உபகாரம். அவள் என்னைக் கேட்கமாட்டாள். வண்டியில் இருப்பதை வாசித்துவிட்டு நேரே உங்களிடம்தான் வருவாள். ஒரே கேள்விதான் கேட்பாள், ஐயா இந்தச் சத்தம் உங்களுதா என்று. ஆமாம்மா, எங்களுதுதான் என்று சொல்லிவிடுங்கள். வேறு ஒன்றும் சொல்லவேண்டாம். நீங்கள் சொன்னால் நம்புவாள். வீட்டுக்குப் போய் உலை வைப்பாள். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பொய் என்று ஏன் நினைக்கிறீர்கள்? முந்தாநாள் வரைக்கும் அது உண்மைதானே.

அந்தப் போனைப் பைக்குள் வையுங்கள் சார். கிட்டே வந்துவிட்டாள்.